25 வருடம் முடிந்த சாயப்பட்டறை பாய்லர்: இன்னும் எத்தனை வருடம் ஓடும்?

அவிநாசி மெக்கானிக்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் அவிநாசி பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பதினாறு வருடமாகப் பராமரிப்பு பார்க்கிறேன். எங்கள் பாய்லர் மணிக்கு 3 டன் நீராவி தரும், மூன்று பாஸ் ஸ்மோக் டியூப் (சூடான புகை மூன்று முறை போய்வரும், டியூபுக்கு வெளியே தண்ணீர்), அழுத்தம் சதுர செ.மீ.க்கு 10.54 கிலோ, தயாரிப்பு ஆண்டு 2000. எரிபொருள் விறகும் முந்திரித் தோடும். டியூப்களை 2009-இல் ஒரு முறையும் 2018-இல் ஒரு முறையும் முழுசாக மாற்றினோம். ஷெல்லும் (வெளி உருளைத் தகடு) டியூப் ஷீட்டும் (டியூப் முனைகள் பொருந்தும் ஓட்டைத் தகடு) முதலில் வந்தவைதான்.

இந்த வருடத்தோடு 25 முடிகிறது. ஆயுள் சோதனை செய்யாமல் சர்டிபிகேட் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி, "போன மாதம்தானே ஹைட்ராலிக் டெஸ்ட் பண்ணினோம், ஒரு சொட்டுக் கூடக் கசியலையே, இன்னும் பத்து வருசம் ஓடும்" என்கிறார். அவருடைய மகன் புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார். என்னிடம் கேட்டால் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஊகத்தில் பேசுகிறார்கள் என்பது மட்டும் புரிகிறது. பட்டறையில் 140 பேர் வேலை செய்கிறார்கள், பாய்லர் ரூமுக்கும் சாயமிடும் பேட்ச் மெஷின்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

மீதி ஆயுளை உண்மையில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டிராயிங்

தம்பி, நான் முப்பது வருடம் பாய்லர் ஆய்வு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் விதி என்ன என்று பார்த்துவிடலாம்.

1950ஆம் ஆண்டு இந்திய பாய்லர் விதிகளில் 391ஏ என்று ஒன்று உண்டு. 25 வருடம் முடிந்த பாய்லரின் பாகங்களை மீதி ஆயுளுக்காகச் சோதிக்க வேண்டும். முடிவு சரியாக இருந்தால் பத்து வருடம் வரை நீட்டிப்பு கிடைக்கும். சோதித்த நிறுவனம் குறைவாகச் சொன்னால் அந்தக் குறைவான காலம்தான். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திரும்பச் சோதிக்க வேண்டும். சோதிப்பவர்கள் மத்திய பாய்லர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். வேலை அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025 சட்டம் வந்திருக்கிறது, ஆகவே விண்ணப்பம் போடும் முன் பாய்லர் அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் முதலாளி சொல்வதில் ஒரு தவறு இருக்கிறது. ஹைட்ராலிக் டெஸ்ட் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இன்றைக்கு, குளிர்ந்த தண்ணீரில், இந்த அழுத்தத்தைத் தாங்குகிறதா? பாதி தூரம் ஓடிய விரிசல் அந்த அரை மணி நேரத்தில் கசியாமல் இருக்கலாம். டெஸ்ட் பாஸ் ஆன பாய்லரில் அடுத்த மாதமே விரிசல் வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். தயாரிப்பாளர் டிராயிங் இருக்கிறதா? முன்பு எப்போதாவது தடிமன் அளந்திருக்கிறீர்களா, எந்தெந்த இடத்தில்? பாய்லருக்குப் போகும் தண்ணீர் இந்த 25 வருடத்தில் எப்போதெல்லாம் மாறியது? மூன்றாவதுதான் முக்கியம். பெயர்ப்பலகையில் இருக்கும் வருடத்தை வைத்துப் பாய்லருக்கு வயது சொல்ல முடியாது, அது குடித்த தண்ணீரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

காங்கேயம் அரிசி ஆலை

பழைய பாய்லர் வாங்கிப் பட்டவன் என்ற முறையில் இடையில் வருகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நெல் அவிக்க ஒரு பழைய பாய்லர் வாங்கினேன். வெளியே புது வெள்ளிப் பெயின்ட், உள்ளே பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது. மூன்றாவது மாதத்தில் அடி மண் துவார (சேறு கழுவும் ஓட்டை) மூடியின் கேஸ்கெட் நிற்கவே இல்லை. கேஸ்கெட்டை மாற்றி மாற்றிப் போட்டும் கசிந்தது. கடைசியில் மூடி உட்காரும் விளிம்பைச் சுரண்டிப் பார்த்தால் தகடே பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விற்றவர் அங்கே மெட்டல் பேஸ்ட் பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்.

அதனால் நீங்கள் எங்கே சோதித்தாலும் சரி, மூடிகளின் விளிம்பை விடாதீர்கள். பல வருடம் மெல்லக் கசிந்த இடம் அதுதான். இன்னொன்று, எங்களுக்கு உமி எரிபொருள். உமிச் சாம்பலில் சிலிக்கா அதிகம், எகனாமைசர் (புகைச் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் பகுதி) டியூபை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி அறுத்துவிடும். முந்திரித் தோட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அவிநாசி மெக்கானிக்

ஐயா, டிராயிங் பழைய பீரோவில் கிடைத்தது. ஷெல் தகடு 14 மி.மீ. 2019-இல் ஒரு முறை தடிமன் அளந்திருக்கிறோம், ரிப்போர்ட் இருக்கிறது.

தண்ணீர்க் கதை இது. ஆரம்பத்திலிருந்து போர் தண்ணீர், சாஃப்ட்னர் போட்டு. நொய்யல் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு திறந்தபோது, சாயமிட ஆர்ஓ தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்தது. பாய்லருக்கு மட்டும் போர் தண்ணீரையே வைத்திருந்தோம். 2019 கோடையில் போர் வற்றிவிட்டது. அன்றிலிருந்து பாய்லருக்கும் ஆர்ஓ தண்ணீர்தான். டியூபில் உப்புப் படிவதே நின்றுவிட்டது, நல்ல தண்ணீர் என்று சந்தோஷப்பட்டோம்.

ஃபயர்மேன் அண்ணன், பெருந்துறை

அந்த "நல்ல தண்ணீர்" பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தம்பி. பெருந்துறை சிப்காட்டில் இருபத்திரண்டு வருடமாக பாய்லர் ஓட்டுகிறேன். ஆர்ஓவுக்கு மாறிய பட்டறைகளில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதுதான்.

போர் தண்ணீரில் உப்பு படியும். டியூப் சூடாகும், விறகு கூடுதலாகத் தின்னும், ஆனால் அந்தப் படிவு இரும்பின் மேல் ஒரு போர்வை மாதிரியும் இருந்தது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, கூடவே காரத்தன்மையும் இல்லை. பிஎச் 6 பக்கம் வரும். கரைந்த ஆக்சிஜன் அப்படியே இருக்கும். 30 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும், திறந்த தொட்டியில் 90 டிகிரிக்குச் சூடாக்கினால் இரண்டுக்கும் கீழே வந்துவிடும். உங்கள் பீட் டாங்க் (பாய்லருக்குப் போகும் தண்ணீர்த் தொட்டி) எத்தனை டிகிரி? கையை வைத்தால் சுடாது என்றால் அத்தனை ஆக்சிஜனும் உள்ளே போகிறது. பாய்லருக்குள் போனதும் அது ஷெல்லைச் சமமாகத் தின்னாது. ஓரிடத்தில் உட்கார்ந்து குழி தோண்டும். தண்ணீர் மட்டத்தின் கோட்டிலும் பீட் தண்ணீர் விழும் இடத்திலும் பாருங்கள்.

அப்புறம் இன்னொரு கேள்வி. ஞாயிறு பாய்லரை அணைக்கிறீர்களா? திங்கள் காலை எத்தனை மணி நேரத்தில் அழுத்தம் ஏற்றுகிறீர்கள்? முதல் பேட்ச் ஏழு மணிக்கு வேண்டும் என்று ஐந்தரைக்குப் பற்றவைத்து அடித்து விரட்டும் பட்டறைகள் பல இருக்கின்றன. நெருப்புப் பக்கத் தகடு சூடாகிவிடும், அடித் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். வாரம் ஒரு முறை என்றால் 25 வருடத்தில் 1,300 முறை அந்தத் தகடு இழுபட்டிருக்கிறது. டியூப் ஷீட்டை நன்றாகப் பாருங்கள்.

மேட்டூர் உலோகம்

நான் அனல்மின் பக்கத்து ஆள். ஆயுள் மதிப்பீடு என்றதும் பலர் க்ரீப் என்ற சொல்லோடு வருவார்கள், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மேட்டூரில் 210 மெகாவாட் யூனிட்கள் 1987 முதல் ஓட ஆரம்பித்தவை. அங்கே சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் டியூப்கள்) நீராவி 540 டிகிரி. அந்தச் சூட்டில் இரும்பு அழுத்தத்தின் கீழ் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், அதுதான் க்ரீப். விதி 391ஏ-யிலேயே க்ரீப் வெப்பநிலையில் வேலை செய்யும் பாகங்களுக்கு 25 வருடம் வரை காத்திருக்க வேண்டாம், 1,00,000 மணி நேரம் ஓடியதும் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. நிறுத்தாமல் ஓடினால் அது பதினொன்றரை வருடம்தான். வெப்பநிலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: லார்சன்–மில்லர் சூத்திரத்தில் மாறிலியை 20 என்று வைத்தால், 540 டிகிரியில் 1,00,000 மணி நேரம் தாங்கும் குழாய் 550-இல் ஏறத்தாழ 50,000 மணி நேரம்தான் தாங்கும். பத்து டிகிரியில் பாதி ஆயுள் போய்விடுகிறது. அதனால்தான் நாங்கள் ஹெடரை (டியூப்கள் வந்து சேரும் பெரிய குழாய்) கண்ணாடி மாதிரி மெருகேற்றி, அமிலம் தடவி, பிளாஸ்டிக் படலத்தில் அச்சு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் நுண்குழிகள் வரிசை கட்டுகிறதா என்று பார்க்கிறோம்.

உங்கள் பாய்லரில் 10.54 கிலோவில் நீராவி வெப்பநிலை 186 டிகிரி பக்கம்தான். தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் தகடு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். க்ரீப் கேள்வியே இல்லை. யாராவது ஷெல் முழுக்க அச்சு எடுக்க வேண்டும் என்று பெரிய தொகை கேட்டால், ஏன் என்று கேளுங்கள். போர் தண்ணீர்க் காலத்தில் உப்பு படிந்து உலை டியூபின் (உள்ளே நெருப்பு எரியும் பெரிய குழாய்) மேல்பகுதி எப்போதாவது அதிகச் சூடு கண்டிருக்கலாம். அங்கே மட்டும் வீக்கம் இருக்கிறதா என்று விட்டத்தை அளந்து, கடினத்தன்மையும் அச்சும் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

தடிமன் பார்ப்பவன்

கோவையில் ஒலியை வைத்துத் தகட்டின் தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் வேலை செய்கிறேன். தீபாவளி லீவில் திறக்கப் போகிறீர்கள் என்றால் இவற்றைக் கவனியுங்கள்.

பெயின்டைச் சுரண்டாமல் அளந்தால் பெயின்டும் சேர்ந்து தடிமனாக வரும். தகடு சூடாக இருந்தால் ஒலி மெதுவாகப் போகும், ஏறத்தாழ 55 டிகிரிக்கு ஒரு சதவீதம் தடிமன் கூடுதலாகக் காட்டும். இது இரண்டும் ஆபத்தான பக்கத்துத் தவறு. அதைவிட முக்கியமானது, 2019-இல் அளந்த அதே புள்ளியில் அளக்க வேண்டும். போன முறை கிழக்குப் பக்கம், இந்த முறை மேற்குப் பக்கம் என்று அளந்தால் தேய்மான வேகம் என்று வரும் எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

குழிகளைப் பொறுத்தவரை எங்கள் ப்ரோப் உதவாது. பத்து மி.மீ. அகலமுள்ள ப்ரோப் சிறு குழியைத் தவறவிட்டுச் சுற்றியுள்ள நல்ல தகட்டைத்தான் காட்டும். உள்ளே இறங்கி, குழியைச் சுத்தம் செய்து, டெப்த் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்.

கரூர் வாசகர்

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. இந்த ஆயுள் சோதனை எல்லாம் வெறும் காகிதம். எங்கள் பக்கம் ஒருவர் வந்தார், வெளியில் நின்று பத்து இடத்தில் மெஷினை வைத்தார், ரிப்போர்ட் வந்துவிட்டது.

பழைய டிராயிங்

கரூர் நண்பரே, அப்படி நடப்பது உண்மை. அது சோதனை செய்தவரின் குற்றம், கேட்காமல் விட்ட நம்முடைய குற்றமும்கூட. ரிப்போர்ட்டில் புள்ளிகளின் வரைபடம் இருக்கிறதா, உள்ளே இறங்கி எடுத்த புகைப்படம் இருக்கிறதா, தேவைப்படும் குறைந்தபட்சத் தடிமன் எந்தக் கணக்கில் வந்தது என்று எழுதியிருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாத ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதைக் கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.

அவிநாசி மெக்கானிக்

தீபாவளிக்கு நிறுத்தி, மூன்று நாள் ஆறவிட்டுத் திறந்தோம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர், கூட நான்.

மேன்ஹோல் வழியாக முதலில் நான்தான் இறங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது அடிப்பாகம் கறுப்பாக, நன்றாகவே இருந்தது. தண்ணீர் மட்டக் கோட்டுக்கு டார்ச்சைக் கொண்டுபோனதும் ஆரஞ்சு நிறத்தில் சிறு சிறு பொக்குகள், இரண்டு பக்கமும் வரிசையாக. சுண்டைக்காய் அளவு. ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். மேல் ஓடு உடைந்து உள்ளே ஈரமான கறுப்புப் பொடி கொட்டியது. துணியால் துடைத்துவிட்டு விரலை வைத்தால் கட்டைவிரல் நகத்தின் நுனி உள்ளே இறங்கியது. குழியின் அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது, அதாவது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. ஃபயர்மேன் அண்ணன் சொன்ன அதே இடம். பீட் டாங்கில் தெர்மாமீட்டர் விட்டேன், 48 டிகிரி.

எண்கள்: ஷெல் அடி வரிசை 2000-இல் 14 மி.மீ., 2019-இல் 13.6, இப்போது 12.9. தண்ணீர்க் கோட்டில் தகடு 13.4, ஆனால் மிக ஆழமான குழி 1.8 மி.மீ. அவர்கள் கணக்கில் தேவையான குறைந்தபட்சத் தடிமன் 11.8. உலை டியூபில் வீக்கம் இல்லை, மூடி விளிம்புகளும் சரியாக இருக்கின்றன.

அப்புறம் பின்பக்க டியூப் ஷீட். விரிசலைக் காட்டும் சிவப்பு டை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். உலைப் பக்கத்து மேல் வரிசையில் இரண்டு டியூப் ஓட்டைகளுக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டு விரிசல். ஹைட்ராலிக் டெஸ்ட்டில் கசியாத அதே பாய்லர்தான் இது.

தடிமன் பார்ப்பவன்

உங்கள் எண்களை வைத்தே பாருங்கள். 25 வருடத்தில் 1.1 மி.மீ. என்றால் வருடத்துக்கு 0.044. மிச்சம் இருப்பது 12.9 கழித்தல் 11.8, அதாவது 1.1. அந்த வேகத்தில் இன்னும் 25 வருடம் வரும். முதலாளி கையில் இந்த ஒரு எண்ணைக் கொடுத்தால் கொண்டாடிவிடுவார். ஆனால் 2019-க்குப் பிறகு ஆறு வருடத்தில் 0.7 போயிருக்கிறது, வருடத்துக்கு 0.117. அதே 1.1-க்கு இந்த வேகத்தில் ஒன்பது வருடம் சொச்சம்தான். தண்ணீர் மாறிய பிறகு உள்ள வேகம்தான் இன்றைய பாய்லரின் வேகம். இதில் எதைப் பிடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலும் பாதிக் காலத்துக்குள் திரும்ப அளந்துவிட வேண்டும்.

குழி இருக்கும் இடத்தில் 13.4 கழித்தல் 1.8, மிச்சம் 11.6. தேவைக்குக் கீழே போய்விட்டது. தனித்த சிறு குழி ஒன்று என்றால் அதன் அகலம், பக்கத்துக் குழிக்குள்ள தூரம் எல்லாம் வைத்துத் தனியாக மதிப்பிடலாம். வரிசையாகச் சேர்ந்து நிற்கும் குழிகளை அப்படி விட முடியாது.

காங்கேயம் அரிசி ஆலை

அழுத்தத்தைக் குறைத்தால் போதாதா? காட்டன் துணிச் சாயத்துக்கு நீங்கள் நூறு டிகிரியைத் தாண்டுவதில்லையே. 7 கிலோவுக்கு இறக்கினால் தேவையான தடிமனும் இறங்கிவிடுமே.

பழைய டிராயிங்

நல்ல கேள்வி. ஷெல்லுக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. 7 கிலோவில் அந்த 11.8 என்பது 8 மி.மீ. சொச்சத்துக்கு இறங்கிவிடும், குழியும் பிரச்சினையில்லை. ஆனால் இரண்டு விஷயம். அழுத்தம் குறையும்போது நீராவியின் கன அளவு கூடும், அதே 3 டன் எடுத்தால் வேகம் கூடித் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். சேஃப்டி வால்வும் குறைந்த அழுத்தத்தில் குறைவாகத்தான் வெளியேற்றும். ஸ்பிரிங்கை மட்டும் இறக்கினால் போதாது, அளவைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, டியூப் ஷீட் விரிசல் அழுத்தத்தால் வந்ததல்ல. திங்கள்கிழமை அவசரமும், குளிர்ந்த பீட் தண்ணீரும், இரண்டு முறை டியூப் மாற்றும்போது அதே ஓட்டையைத் திரும்ப விரித்து ரோல் செய்ததும் சேர்ந்து வந்தது. 7 கிலோவில் ஓட்டினாலும் திங்கள் காலை அந்தத் தகடு அதே மாதிரிதான் இழுபடும். உங்கள் பாய்லரின் ஆயுளை முடிவு செய்வது ஷெல்லின் ஒன்பது வருடம் அல்ல, அந்த இரண்டு சிவப்புக் கோடுகள்தான். எந்த பாகம் முதலில் தீர்ந்துபோகிறதோ அதன் ஆயுள்தான் பாய்லரின் ஆயுள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பட்டறை வெல்டரை வைத்து அந்த விரிசலை நீங்களே மூடிவிடாதீர்கள். பாய்லர் அலுவலகத்தின் முன் அனுமதி, அங்கீகாரம் பெற்ற ரிப்பேர் நிறுவனம், தகுதிச் சான்றுள்ள வெல்டர், பிறகு ஹைட்ராலிக் டெஸ்ட். அதுவரை பற்றவைக்கக் கூடாது.

ஃபயர்மேன் அண்ணன், பெருந்துறை

கூடவே தண்ணீரைச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் ரிப்பேர் செய்த காசு வீண். கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்) பீட் டாங்குக்குத் திருப்புங்கள். சாயம் கலந்து வராத லைன்களை மட்டும்தான், ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டையாகிச் சாயத் தண்ணீர் வந்தால் அது வேறு ஆபத்து. டாங்க் 85-க்கு மேல் நிற்க வேண்டும். பம்ப்புக்கு மேல் டாங்க் நிற்கும் உயரம் போதவில்லை என்றால் அந்தச் சூட்டில் பம்ப் பிடிக்காது, டாங்கை உயர்த்த வேண்டி வரும். மிச்ச ஆக்சிஜனுக்குச் சோடியம் சல்பைட், ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு எட்டுப் பங்கு என்ற கணக்கில். பாய்லர் தண்ணீர் பிஎச் 10.5-க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

அவிநாசி மெக்கானிக்

இன்று ரிப்போர்ட் கையில் வந்தது, இழையைத் தொடர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன். டியூப் ஷீட் ரிப்பேருக்கும் குழிகளை வெல்டிங்கால் நிரப்புவதற்கும் அனுமதி பெற்ற பிறகு, 8 கிலோ அழுத்தத்தில் ஐந்து வருடம். பத்து கொடுக்கவில்லை. அதில் டியூப் ஷீட்டை வருடா வருடம் டை அடித்துப் பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள்.

முதலாளியிடம் ரிப்போர்ட்டோடு அந்தச் சிவப்புக் கோட்டின் போட்டோவையும் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பேர் முடியும் வரை வாடகை பாய்லர் எடுக்கச் சொல்லிவிட்டார். புது பாய்லருக்கு இப்போதே விலை கேட்டு வைக்கச் சொன்னார், நான்காவது வருடம் வாங்குவது என்று பேச்சு. பீட் டாங்கை எட்டு அடி உயர்த்த இரும்பு வந்துவிட்டது. திங்கள்கிழமை முதல் பேட்ச் இனிமேல் பத்து மணிக்குத்தான்.

அளந்த 64 புள்ளிகளையும் ஷெல்லில் பஞ்ச் குத்தி எண் போட்டிருக்கிறோம், லேகிங்கில் (சூடு காக்கும் வெளி உறை) அந்த இடங்களுக்குக் கழற்றி மாட்டும் மூடி வைத்தாயிற்று. வரைபடத்தின் ஒரு பிரதியைச் சட்டம் போட்டு பாய்லர் ரூம் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

பழைய டிராயிங்

அந்த வரைபடத்தில் தண்ணீர் மாறிய தேதியையும் எழுதி வையுங்கள், தம்பி. அடுத்த முறை அளக்க வருபவர் நானும் இல்லை, நீங்களும் இல்லாமல் இருக்கலாம்.